கண்ணு ஆடிட்

அமிர்தவள்ளிக்கு நாற்பத்தொரு வயது. மாதனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். காலை ஆறே முக்காலுக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஆம்பூருக்கு வெளியே இருக்கும் ஒரு ஷூ தொழிற்சாலைக்குப் பதினாறு வருஷமாகப் போய் வருகிறாள். எட்டாவது வரை படித்தவள். கணவர் மூர்த்தி செங்கல் லோடு ஏற்றப் போகிறவர்.

அவளுக்கு வேலை மூன்றாம் லைனில், பேஸ்டிங். ஷூவின் மேல்தோலையும் உள்துணியையும் பசை தடவி ஒட்டி, ஓரம் மடித்து, தையலுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பசைக்கு அங்கே எல்லோரும் சொல்லும் பெயர் சொல்யூஷன். அமிர்தவள்ளி தூரிகையைத் தோலில் வைத்தால் ஒரே இழுப்புத்தான். ஓரத்தில் பிசிறு இருக்காது, மடிப்பில் சுருக்கம் இருக்காது. அவள் ஒட்டிய ஷூவைப் போட்டுக்கொண்டு எந்த நாட்டில் எவர் நடக்கிறாரோ, அவருக்கு அவள் பெயர் தெரிய நியாயமில்லை. அவள் கண் எப்படி இருக்கிறது என்றும் தெரியாது.

சொல்யூஷன் டப்பாவின் மூடியைத் திறந்தால் ஆவி நேரே முகத்துக்கு வரும். மதியத்துக்குள் கண் கரிக்க ஆரம்பிக்கும். நாலு மணிக்கு மணலைப் போட்டுத் தேய்த்ததுபோல் உறுத்தும். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது மூன்றாம் லைன் பெண்கள் எல்லோரும் சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள்போல் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அமிர்தவள்ளி செய்யாத வைத்தியமில்லை. நந்தியாவட்டைப் பூவை இரவெல்லாம் கண்மேல் வைத்துக் கட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டுப் பார்த்தாள். மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் செலுத்தச் சொன்னார்கள், செலுத்தினாள். அம்மனுக்கு இரண்டு கண் கூடிற்று, இவளுக்கு ஒன்றும் கூடவில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் ஒரு சொட்டு மருந்து. விட்ட அரை மணியில் கண் வெளுத்துவிடும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் உள்நரம்பையே தின்றுவிடும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அந்தச் சின்ன பாட்டில் இருக்கும்.

இத்தனைக்கும் மூன்றாம் லைன் மேசைகளுக்கு மேலே தகரக் குழாய் ஒன்று நீளமாகப் போகிறது. எக்ஸாஸ்ட். மோட்டாரைப் போட்டால் சொல்யூஷன் ஆவியை அப்படியே இழுத்து வெளியே தள்ளிவிடும். மோட்டார் நன்றாகவே ஓடும். ஆடிட் நாளில் மட்டும் ஓடும்.

ஆடிட் என்றால் அங்கே வேலை செய்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்புகிற ஆட்கள் வருஷத்துக்கு மூன்று நான்கு முறை வருவார்கள். கையில் காகிதமும் பேனாவும் இருக்கும். தொழிலாளர்களை வசதியாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் பீரோவிலிருந்து முகமூடியும் பிளாஸ்டிக் கண்ணாடியும் இறங்கும். கழிப்பறையில் சோப்பு வரும். மனிதவளப் பிரிவு அதிகாரி பரணிதரன் பெண்களை உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பார்.

"வேலைல எதுனா கஷ்டம் இருக்கான்னு கேப்பாங்க. இன்னா சொல்லணும்?"

"ஒரு கஷ்டமும் இல்ல சார்" என்று யாராவது கத்துவார்கள்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அடிச்சிச் சொன்னா சந்தேகம் வந்துடும். இருக்குன்னு சொன்னா ஆர்டர் போயிடும். பரவாயில்லன்னு சொல்லுங்க. நிதானமா, சிரிச்ச மூஞ்சியோட."

பதினாறு வருஷத்தில் அமிர்தவள்ளி எத்தனை வெளியாட்களிடம் பரவாயில்லை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. காகிதத்தோடு ஒருவர் எதிரே உட்கார்ந்தால் அந்தச் சொல் தானாக வரும்.

போன டிசம்பரில் மருந்துச் சோதனைக்காரர்கள் வந்தார்கள்.

கண் எரிச்சலுக்கும் வீக்கத்துக்கும் ஒரு மருந்துக் கம்பெனி புதிதாக ஒரு சொட்டு மருந்து தயாரித்திருந்தது. ஏற்கெனவே விற்கிற பழைய மருந்தோடு அதை ஒப்பிட்டு, எது மேல் என்று பார்க்க வேண்டும். அந்த வேலையை எடுத்துச் செய்கிற ஒரு நிறுவனம் மூன்றாம் லைனிலிருந்து நாற்பது பெண்களைப் பொறுக்கியது. எட்டு வாரம். இருபது பேருக்குப் புதியது, இருபது பேருக்குப் பழையது. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை பாட்டில், மேலே எண் மட்டும்.

ஏன் இந்தத் தொழிற்சாலை? மருந்தைச் சோதிக்க எரியும் கண் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிற கண் பத்து நாளில் ஆறிவிடும், ஆள் மறுபடி வர மாட்டார். மூன்றாம் லைன் கண் ஆறாது. ஒவ்வொரு நாள் காலையும் எட்டரை மணிக்குப் புதிதாக எரிய ஆரம்பிக்கும். ஆளும் எங்கேயும் போக மாட்டாள், கேட்டில் கார்டு தேய்த்து உள்ளே வருவாள். இப்படிப்பட்ட நாற்பது ஜோடிக் கண்களை ஒரே கூரைக்குக் கீழே பார்த்ததும் அவர்களுக்கு வாயில் நீர் ஊறியிருக்கும்.

இரண்டு மருந்தை நியாயமாக ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நேர்மையான காரியம் மருத்துவத்தில் கிடையாது. சாமியார் சொன்னாலும் சரி, கடைக்காரர் சொன்னாலும் சரி, பட்டம் பெற்ற பெரிய டாக்டர் சொன்னாலும் சரி, நம்பாதே, எண்ணிப் பார் என்று சொன்ன அறிவு அது. மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி. அந்த வழியை இந்தத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து என்ன செய்தார்கள் என்று பார்த்தால் குமட்டுகிறது.

தொடக்க நாளில் கேட்டருகே பூசணிக்காய் உடைத்தார்கள். கண் மருந்துச் சோதனைக்குக் கண் திருஷ்டி கழிப்பு. சோதனைக்குப் பொறுப்பான டாக்டர் சூரியபிரகாஷ், லண்டன் வரை போய்ப் படித்தவர், கையைக் கட்டிக்கொண்டு அதையும் பார்த்து நின்றார். பிறகு எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பரணிதரன் விளக்கினார்.

"யாருக்கு எந்த மருந்துன்னு உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டபுள் பிளைண்டுன்னு பேரு. ரெண்டு பக்கமும் குருடு."

"எங்க கண்ணையும் சேத்துக்கினா மூணு பக்கம் சார்" என்றாள் சைரா. அமிர்தவள்ளிக்கு அடுத்த மேசைக்காரி. கூடமே சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அமிர்தவள்ளி எழுந்தாள். "சார், ஆடிட் அன்னிக்கிப் போடற எக்ஸாஸ்ட தினம் போட்டா கண்ணு கரிக்கறது கம்மியாவும். போன வருஷமே கேட்டோம்."

"அதுக்குத்தானேம்மா இந்த ஸ்டடியே. இது முடியட்டும். மருந்துலயே கண்ணு சரியாயிடுச்சின்னா மோட்டார தினம் எதுக்கு ஓட்டணும்? சரியாவலன்னு ரிப்போர்ட் வரட்டும், நானே மேல பேசறேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் ஓடுமா ஓடாதா என்பது இனி அந்த ரிப்போர்ட்டின் கையில். ரிப்போர்ட் தங்கள் வாயிலிருந்துதான் வரப்போகிறது என்று நாற்பது பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பதினான்கு பக்கச் சம்மதப் பத்திரம் ஒன்று கொடுத்தார்கள். எல்லோரும் கடைசிப் பக்கத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பிரதி, ஒரு பாட்டில், ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸ்.

கேள்வி கேட்டு எழுதும் வேலை ஜெனிஃபாவுடையது. வேலூர்ப் பெண். மருந்தியல் படித்துவிட்டுச் சோதனை நிறுவனத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. கெட்டவள் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து, கூடத்தின் மூலையில் மேசை போட்டு, ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவாள். காகிதத்தில் ஒரு கோடு இருக்கும். ஒரு முனையில் சிரிக்கும் முகம், மறு முனையில் அழும் முகம். எரிச்சல் எவ்வளவோ அந்த இடத்தில் பேனாவால் குறிக்க வேண்டும். வாயாலும் கேட்பாள்.

"எரிச்சல் இப்ப எப்படிக்கா இருக்கு?"

"பரவாயில்லைங்க மேடம்."

சிரிக்கும் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு. கூடத்தின் வாசலில் பரணிதரன் சாய்ந்து நின்றிருப்பார்.

ஜெனிஃபாவின் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான்: குணம் தெரிகிறது, மாற்றமில்லை, மோசம். பரவாயில்லை என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது? அவள் வீட்டில் காய்ச்சல் விட்டால் 'இப்ப பரவாயில்ல' என்பார்கள். ஆகவே முதல் கட்டத்தில் டிக் அடித்தாள். கால் முறிந்து கிடப்பவரும், பார்க்க வந்தவர் சங்கடப்படக் கூடாதென்று 'பரவாயில்ல, நீங்க கெளம்புங்க' என்பார் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. படிவம் அடித்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து 'குணம்' என்று அடித்துவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. சோதனைக்காரர்கள் வருகிற நாளில் காலையிலிருந்தே எக்ஸாஸ்ட் மோட்டார் ஓடியது. யாரும் தனியாக உத்தரவு போடவில்லை. வெளியாள் வந்தால் போட வேண்டும் என்பது எலக்ட்ரீஷியன் பழக்கம். காகிதம், பேனா, வெளியாள், வாசலில் பரணிதரன், தலைக்கு மேல் மோட்டார் சத்தம். பெண்களுக்கு வேறு என்ன தோன்றும்? அவர்கள் அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். கண்ணு ஆடிட்.

"இன்னைக்கி இன்னாடி மோட்டார் ஓடுது?"

"கண்ணு ஆடிட்டுக்கா. மூஞ்சிய சிரிச்சா மாதிரி வெச்சிக்க."

இரண்டாவது முறை கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகத் தேதி மாற்றி, சனிக்கிழமை சாயங்காலம் வைத்தார்கள். அன்றைக்கு மோட்டார் ஓடினாலும், அதற்கு முன் ஐந்து நாள் சொல்யூஷன் குடித்த கண்கள். டாக்டர் கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். புண் இருக்கும் இடமெல்லாம் பச்சைப் புள்ளியாக மின்னும். அமிர்தவள்ளியின் இடது கண்ணில் ஒரு திட்டே இருந்தது.

"இவ்ளோ இருக்கே. வலிக்கலியாம்மா?"

"பரவாயில்ல சார்."

டாக்டர் நிமிர்ந்து ஜெனிஃபாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பதினாறு வருஷம் ஆங்கிலத்தில் திட்டு வாங்கியவளுக்கு அது புரியாமல் போகாது. புண் இருக்கிறது, ஆனால் வேதனை இல்லை. இந்தப் பகுதிக்காரர்களுக்கு வலி தாங்கும் சக்தி இயல்பிலேயே அதிகம் போலிருக்கிறது. இதை ரிப்போர்ட்டில் ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம்.

ஜெனிஃபா எழுதிக்கொண்டாள்.

எதிரே இருக்கிற பெண் எதற்குப் பயந்து சிரிக்கிறாள் என்று ஒரு கேள்வி கேட்க டாக்டருக்குத் தோன்றவில்லை. அவள் தோலிலும் ரத்தத்திலும் காரணம் தேடினார். மாட்டைப் பற்றி, கழுதையைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள், அடித்தால் தாங்கும் என்று. பட்டப்படிப்பு ஒரு மனிதனை இவ்வளவு தூரம் குருடாக்க முடியும்.

மூன்றாவது முறையும் பரவாயில்லையோடு போயிற்று. பிறகு பொங்கல். ஐந்து நாள் விடுமுறை. கிளம்புகிற அவசரத்தில் அமிர்தவள்ளி மருந்து பாட்டிலைத் தொழிற்சாலை லாக்கரிலேயே விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. ஐந்து நாளும் சொட்டு மருந்து இல்லை. விறகடுப்பில் பொங்கல் வைத்தாள், கரும்புச் சோகை எரித்தாள், புகையில் கண்ணைக் கசக்கினாள். ஆனாலும் மூன்றாம் நாள் காலை முகம் கழுவிக் கண்ணாடி பார்த்தபோது கண் வெளுத்திருந்தது. இடது கண்ணில் மட்டும் ஓரத்தில் லேசான சிவப்பு. மூர்த்திகூடக் கேட்டார், "இன்னாடி, கண்ணு பளிச்சினு இருக்குது. மருந்து வேல செய்யுதா?"

அவள் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். மருந்து விட்ட நாளில் கண் எரிந்தது. மருந்து இல்லாத நாளில் எரியவில்லை. மருந்தால் வந்த எரிச்சலா? இல்லை, மருந்து வருவதற்கு முன்பும் எரிந்தது. அப்படியானால் இந்த ஐந்து நாளில் இல்லாமல் இருந்தது வேறு என்ன? இதைக் கண்டுபிடிக்க லண்டன் போக வேண்டியதில்லை. ஆனால் பதினான்கு பக்கம் அடித்தவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு கேள்வி வரவில்லை. புது மருந்து, பழைய மருந்து என்று இரண்டு கூட்டம் பிரித்தார்களே, டப்பாவை மூடிவைத்த மூன்றாவது கூட்டம் ஒன்று எங்கே?

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலையிலேயே நாலாவது கண்ணு ஆடிட். தூங்கி எழுந்து ஊரிலிருந்து வந்த கண்கள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து முகம் மலர்ந்துகொண்டே போனார். அமிர்தவள்ளியின் முறை வந்தது.

"பாத்தியா ஜெனிஃபா, ஆறு வாரத்துல எவ்ளோ மாற்றம்! அருமை. மருந்து நல்லா எடுத்திருக்கு."

"மருந்து போடல சார்."

"என்னம்மா?"

"அஞ்சி நாளா ஒரு சொட்டு போடல. பாட்டில் லாக்கர்ல கெடக்குது. சொல்யூஷன் வாட இல்லாம வூட்ல இருந்தேன், அதான் கண்ணு சரியாச்சு. நாளைக்கி சாயங்காலம் வந்து பாருங்க, பழையபடி ரத்தமா இருக்கும்."

வாசலில் சாய்ந்திருந்த பரணிதரன் நிமிர்ந்தார். ஜெனிஃபா பழைய காகிதங்களைப் புரட்டினாள்.

"அக்கா, மூணு தடவையும் பரவாயில்லன்னுதானே சொன்னீங்க? குணம்னு எழுதியிருக்கேன்."

"ஆமா. ஆடிட்டுக்கு வேற இன்னா சொல்றது?"

"எந்த ஆடிட்?"

"இதான் பாப்பா. கண்ணு ஆடிட்."

"இது ஆடிட் இல்லக்கா." ஜெனிஃபாவின் குரல் இறங்கிவிட்டது. "நீங்க சொல்றத வெச்சுத்தான் இந்த மருந்து நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ணுவாங்க."

அமிர்தவள்ளி அவளையே பார்த்தாள். "அப்ப நெசமாத்தான் கேட்டியா நீ?"

ஜெனிஃபா டாக்டரிடம் திரும்பி, பழைய பதில்களையெல்லாம் மறுபடி கேட்டு எழுத வேண்டும் என்றாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கையெழுத்தான பதிலைத் திருத்த முடியாது. முடிந்துபோன எரிச்சலை இப்போது கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்வார்கள், அது செல்லாது. இந்த அம்மாள் ஐந்து நாள் மருந்து போடவில்லை, விதிமீறல், கணக்கிலிருந்து எடுத்துவிடு. காரணம்: பங்கேற்பாளர் மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை.

நாற்பது பேரில் முதல் முறையாக உண்மை சொன்னவள் கணக்கிலிருந்து வெளியே. பொய் சொன்ன முப்பத்தொன்பது பேரும் அறிவியலுக்குள்ளே. இதற்குப் பெயர் ஒழுங்கு.

பரணிதரன் வெளியே வந்து மெல்லச் சொன்னார். "உனக்கு ஏம்மா இந்த வேல? நீ ஒருத்தி சொன்னதால ஒண்ணும் ஆவாது. ரிப்போர்ட் நல்லாத்தான் வரப்போவுது."

நல்ல ரிப்போர்ட் வந்தால் மோட்டார் ஓடாது. டிசம்பரில் அவரே சொன்னதுதான். அமிர்தவள்ளிக்கு மோட்டாரைவிட இன்னொன்று அதிகமாகக் குத்தியது. ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை! பதினாறு வருஷத்தில் ஒரு ஜோடிகூடக் குறை என்று அவள் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலை முடித்துவிட்டுச் சம்மதப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். ஆங்கிலத்திலிருந்து யாரோ கஷ்டப்பட்டுத் தமிழாக்கி வைத்திருந்த மொழி. ஒரு வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. பங்கேற்பவர் எந்த நேரத்திலும் தாமாக விலகிக்கொள்ளலாம். விலகும் காரணத்தைச் சொல்ல விரும்பினால், அவர் சொன்ன சொற்களிலேயே அது எழுதப்படும். அதன் பிரதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பப்படும். நெறிமுறைக் குழு என்றால் என்ன என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது: சோதனையில் ஆட்களுக்கு அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். கம்பெனியும் இல்லை, டாக்டரும் இல்லை.

மறுநாள் பஸ்ஸில் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் கேளுங்கடி. அது ஆடிட் இல்லியாம்."

"எது?" என்றாள் ஜன்னலோரம் இருந்த சைரா.

"கண்ணு ஆடிட். நாம சொல்றத நெசம்னு நெனச்சி எழுதறாங்களாம். நாம பரவாயில்ல பரவாயில்லன்னு சொல்லி, மருந்துல சரியாச்சுன்னு ரிப்போர்ட் போவப்போவுது. அப்பறம் எக்ஸாஸ்ட் போடவே மாட்டாங்க."

"அட கஷ்டமே! சிரிக்கற பொம்ம பக்கத்துல குத்துனா டிபன் பாக்ஸ் மாதிரி இன்னொண்ணு தருவாங்கன்னு இல்ல நெனச்சேன்." பஸ் சிரித்தது. சைரா சிரிக்கவில்லை. "என் மருந்து வுட்டாலே ரெண்டு நிமிசம் நெருப்பு வெச்ச மாதிரி இருக்குதுக்கா. அதையும் பரவாயில்லன்னேன்."

"இப்ப இன்னா பண்றது?"

அமிர்தவள்ளி ஒன்பதாம் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். பின்னாலிருந்து ஒரு குரல், "வேலய வுட்டுத் தூக்கிட்டா?"

"நாப்பது பேரையும் தூக்கிட்டு மார்ச் ஆர்டர பரணி சாரா ஒக்காந்து ஒட்டுவாரு?"

"ஒட்டுவாரு" என்றாள் சைரா. "வெரலும் வெரலும் ஒட்டிக்கும்."

பிப்ரவரி முதல் வாரம் கடைசிப் பரிசோதனை. மோட்டார் காலையிலிருந்து ஓடியது. கூடத்தில் ஜெனிஃபா மேசை போட்டிருந்தாள். வரிசையில் முதல் ஆளாக, கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட அமிர்தவள்ளி நின்றாள்.

"உங்க பேர்தான் முடிஞ்சுபோச்சேக்கா."

"நீங்க எடுத்தது வேற. நானே வெலகறேன். காரணம் சொல்றேன், எழுது. ஒம்பதாம் பக்கம்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெனிஃபா ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

அமிர்தவள்ளி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "சொல்யூஷன் டப்பா மேல மூஞ்சிய வெச்சிக்கினு எந்த மருந்து போட்டாலும் கண்ணு ஆறாது. அஞ்சு நாள் டப்பா இல்லாம இருந்தேன், மருந்தே இல்லாம ஆறிச்சு. நீங்க வர்ற அன்னிக்கி மட்டும் எக்ஸாஸ்ட் ஓடுது. இதுவரைக்கும் நான் பரவாயில்லன்னு சொன்னதெல்லாம் ஆடிட்டுன்னு நெனச்சிச் சொன்னது. எழுதிட்டியா? படி."

ஜெனிஃபா படித்துக் காட்டினாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அமிர்தவள்ளி கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தாள். அடுத்து சைரா.

"எரிச்சல் எப்படி இருக்குக்கா?"

"நானும் வெலகறேன். எனக்கும் அதேதான், ஆனா என் மருந்து நெருப்பா எரியுதுன்னு சேத்துக்க."

மூன்றாவது பெண். நாலாவது பெண். பரணிதரன் வாசலை விட்டு மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் சிலர் பழையபடி சிரித்துப் பழைய சொல்லையே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் வாய் கிடையாது. ஆனாலும் மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது இருபத்தேழு தாள்கள் சேர்ந்திருந்தன. ஜெனிஃபா கையை உதறிக்கொண்டு உதறிக்கொண்டு எழுதினாள்.

டாக்டர் சூரியபிரகாஷ் தாள்களை வாங்கிப் புரட்டினார். முகம் கறுத்துவிட்டது. "எல்லாரும் ஒரே காரணம் சொல்றீங்க. யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கு. இத எப்படி நம்பறது?"

"டப்பா ஒண்ணுதானே சார்" என்றாள் அமிர்தவள்ளி. "அதே டப்பாவுல இருந்துதான் எல்லாருக்கும் ஊத்தறாங்க. காரணம் மட்டும் ஆளுக்கொண்ணு எங்கேந்து வரும்? பரவாயில்லன்னு நாப்பது பேரும் ஒரே மாதிரி சொன்னப்ப நம்புனீங்களே."

டாக்டர் தாள்களை மேசையில் வைத்துவிட்டு, காரை எடுக்கச் சொல்லி ஆளனுப்பினார்.

சட்டப்படி அந்தத் தாள்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஜெனிஃபாவே கொண்டுபோய்க் கொடுத்தாளாம். நெறிமுறைக் குழுவிலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. வேலை செய்யும் இடத்தின் காற்றை அளந்தீர்களா? பரிசோதனை நாட்களில் மட்டும் மோட்டார் ஓடியது உண்மையா? முதல் கேள்விக்கு இல்லை என்பதே பதில். இரண்டாவதற்குச் சோதனைக்காரர்கள் என்ன எழுதினார்களோ, சோதனை நின்றது. மருந்துக் கம்பெனிக்கு இதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. வேறு ஊரில், வேறு தொழிலில், சிவந்த கண்ணுள்ள வேறு நாற்பது பேரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடமும் மூன்று கட்டம் போட்ட காகிதத்தைத்தான் நீட்டுவார்கள்.

குழுவின் கடிதம் ஷூ வாங்கும் கம்பெனியின் காதுக்கும் போய்விடுமோ என்ற பயத்தில் மார்ச் முதல் தேதியிலிருந்து எக்ஸாஸ்ட் தினம் ஓட ஆரம்பித்தது. கேட்டருகே ஒரு பலகை வைத்தார்கள்: தொழிலாளர் கண் நலம் காக்கும் எங்கள் புதிய முயற்சி. பலகையில் பரணிதரன் சிரித்துக்கொண்டிருக்கும் படம். ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். அதற்குப் பதினாறு வருஷம், நாற்பது பேரின் கண், எட்டு வாரம் மருந்து, ஒரு டாக்டரின் லண்டன் படிப்பு, இருபத்தேழு தாள்கள். அமிர்தவள்ளியின் இடது கண்ணில் அந்தத் திட்டு வெள்ளைத் தழும்பாக நின்றுவிட்டது. அது போகாது என்று வேலூரில் வேறு டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் காலையிலிருந்து மோட்டார் விடாமல் ஓடியது. டப்பா திறந்திருந்தது. ஆவி மேலே போய்விட்டது, முகத்துக்கு வரவில்லை. கண் கரிக்கவில்லை. இரண்டு மணி வாக்கில் சைரா தூரிகையை வைத்துவிட்டு மூக்கைச் சுருக்கினாள்.

"அக்கா, இன்னா இது நாத்தம்? எலி எதுனா செத்துக் கெடக்குதா?"

அமிர்தவள்ளி மூச்சை இழுத்துப் பார்த்தாள். எழுந்து போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தோல் கழிவு ஓடை, கறுப்பாக, நுரை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளுக்கு முன்பிருந்தே அது அங்கேதான் போகிறது. சொல்யூஷன் வாடையில் இத்தனை வருஷம் தெரியவில்லை, ஆடிட் நாளில் முகமூடி மறைத்தது.

"எலி இல்லடி" என்றாள். "வெளிய இப்பிடித்தான் நாறுது."

முந்தானையை மூக்கில் இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த ஜோடியை எடுத்தாள்.